கெடுத்துப் பார்த்தால் தொழில் தெரியுமா? பூச்சிகளின் பரம்பரையலகுகளைக் கண்டறிந்த வழி (விவாத இழை)

ஹட்டன்_உயிரியல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். உயர்தர வகுப்பில் பிறப்புரிமையியல் படிப்பித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்ட கேள்வியை இங்கே வைக்கிறேன். அன்று நான் கொடுத்த விடை எனக்கே போதவில்லை.

பாடம் பலருக்கும் தெரிந்ததுதான். 1910இல் நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தோமஸ் ஹன்ட் மோர்கன் வளர்த்த பழ ஈக்களுக்கிடையே, சிவந்த கண்ணுக்குப் பதிலாக வெண்கண்ணுடன் ஓர் ஆண் ஈ தென்பட்டது. அதை வைத்துத்தான் ஒரு பரம்பரையலகு (மரபணு) எக்ஸ் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) இருப்பதை அவர் காட்டினார். அந்த அலகுக்கு "வெள்ளை" என்ற பெயரே இன்றுவரை வழங்குகிறது. மாணவி எழுந்து, "சேர், அந்த அலகு நன்றாக இருக்கும்போது கண் சிவப்பாக இருக்கிறது, கெட்டுப்போனால்தான் வெள்ளையாகிறது, அப்படியானால் அதற்குச் சிவப்பு என்றல்லவா பெயர் வைத்திருக்க வேண்டும்?" என்று கேட்டார். பெயர் குறையிலிருந்து வந்தது என்று சொல்லி அவரை உட்கார வைத்தேன். அவர் மறுபடியும் எழுந்தார். "ஒன்றைக் கெடுத்தால் கெட்ட பிறகு என்ன நடக்கிறது என்பது தெரியும். கெடாமல் இருந்தபோது அது என்ன செய்துகொண்டிருந்தது என்பது எப்படித் தெரியும்?"

மணி அடித்துவிட்டது என்பது எனக்கு அன்று பெரிய உதவி. ஈக்களை வைத்து வேலை செய்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் விளக்க வேண்டும். வகுப்பில் ஜாம் போத்தலில் கனிந்த வாழைப்பழம் போட்டு நாங்களும் ஈ வளர்க்கிறோம். 25 பாகை செல்சியசில் பத்து நாளில் முடிய வேண்டிய தலைமுறை எங்கள் ஊர்க் குளிரில் ஏறத்தாழ இரு மடங்காக இழுபடுகிறது. இரண்டு முறை பூஞ்சணம் பிடித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டோம்.

பேராதனை_பழையமாணவி

சேர், உங்கள் மாணவி சரியான இடத்தில் கைவைத்திருக்கிறார். நான் சில ஆண்டுகள் ஓர் ஈ ஆய்வுகூடத்தில் வேலை செய்தவள் என்பதால், தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த வெண்கண்ணை முடித்துவிடுவோம். "சிவப்பு" என்று பெயர் வைத்திருந்தாலும் அது தவறாகவே போயிருக்கும். ஈயின் கண்ணில் செந்நிறப் பொருளும் கபிலநிறப் பொருளும் கலந்திருக்கின்றன. கபிலப் பொருள் உண்டாகாத ஈக்குக் கண் பளிச்சென்ற சிவப்பாக இருக்கும், செம்பொருள் உண்டாகாத ஈக்குக் கபிலமாக இருக்கும். "வெள்ளை" அலகு கெட்டால் இரண்டும் இல்லாமற்போகின்றன. காரணம், அந்த அலகு எந்த நிறத்தையும் தயாரிப்பதில்லை. நிறம் தயாரிக்கத் தேவையான மூலப்பொருட்களைக் கலத்துக்குள் ஏற்றிவிடும் ஒரு கடத்திப் புரதத்தைத்தான் அது தருகிறது. ஒற்றை விகாரியை, அதாவது அலகு மாறிப்போன ஈயை, எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இது தெரிந்திராது. கபிலக்கண், செங்கண், வெண்கண் ஆகியவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் "வெள்ளை" இரண்டு வழிகளுக்கும் பொதுவான ஓரிடத்தில் நிற்கிறது என்பது புலப்பட்டது.

தேயிலைத் தொழிற்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே போக அனுமதி இல்லை, வாசலுக்கு வரும் தூளை மட்டும் பார்க்கலாம். நாளுக்கு ஒருவரை, ஆள் யாரென்று பாராமல், வேலைக்கு வரவிடாமல் நிறுத்திவிடுகிறோம். ஒரு நாள் தூளில் பச்சை வாடை அடிக்கிறது. இன்னொரு நாள் தண்டுத் துண்டுகள் கலந்து வருகின்றன. வேறொரு நாள் தூளே வரவில்லை. தண்டு கலந்த நாளில் நின்றவருக்கும் சலிக்கும் வேலைக்கும் ஏதோ தொடர்பு உண்டு என்று ஊகிக்கலாம். ஆனால் அவர் சலித்தவரா, அந்த இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டவரா என்பதை அந்த ஒரு நாள் சொல்லாது. மாணவியின் சந்தேகம் இங்கேதான் இருக்கிறது, அது நியாயமானது. ஆனால் இருநூறு நாள் இப்படிச் செய்து, ஒரே மாதிரியான கோளாறுகளை ஒன்றாக அடுக்கினால், உள்ளே எத்தனை படிகள் உண்டு, எது முந்தியது, எந்தப் படியில் எத்தனை பேர் என்பது மெல்ல வெளிப்படும்.

1970களின் இறுதியில் ஜெர்மனியின் ஹெய்டல்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய மூலக்கூற்று உயிரியல் ஆய்வுகூடத்தில் கிறிஸ்டியானே நியூஸ்லைன்-வொல்ஹார்ட்டும் எரிக் வீஷவுஸும் செய்தது ஏறக்குறைய இதுதான். ஒரு முட்டை எப்படித் துண்டங்களுள்ள உடலாகிறது என்பது அவர்களுடைய கேள்வி. எந்தப் பரம்பரையலகு காரணமாக இருக்கும் என்று அவர்கள் முன்கூட்டி ஊகிக்கவில்லை. எதைல் மெதேன் சல்பனேற்று எனும் இரசாயனத்தைச் சீனி நீரில் கலந்து ஆண் ஈக்களுக்கு ஊட்டி, அவற்றின் விந்துக்களில் எங்கெங்கோ சேதம் விழச் செய்து, வழித்தோன்றல்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து வளர்த்து, முட்டைக்குள்ளேயே இறந்துபோன முளையங்களை (கருக்களை) எடுத்துப் பார்த்தார்கள்.

தூளே வராத நாளைப் போல, இறந்த முளையம் ஒன்றும் சொல்லாதே என்று தோன்றும். ஈயின் விசேடம் அங்கேதான். இறப்பதற்கு முன் அது தன் வெளித்தோலைச் செய்து முடித்துவிடுகிறது. உள்ளிருக்கும் இழையங்களைக் கரைத்துவிட்டு அந்தத் தோலை மட்டும் நுணுக்குக்காட்டியில் வைத்தால், வயிற்றுப்புறத்தில் நுண்ணிய முட்கள் பட்டை பட்டையாக, நெஞ்சில் மூன்றும் வயிற்றில் எட்டுமாக, ஏணிப்படிபோல் அடுக்கியிருக்கும். எந்தப் படி இல்லை, எது இரட்டித்திருக்கிறது, எது தலைகீழாகத் திரும்பியிருக்கிறது என்பதைக் கண்ணால் வாசித்துவிடலாம். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே வில்லையைப் பார்க்கக்கூடிய நுணுக்குக்காட்டியில் அவர்கள் இருவரும் சேர்ந்தே பார்த்தார்கள். ஒருவர் கண்டதை மற்றவர் அந்த நிமிடமே மறுக்கலாம் என்ற அந்த ஏற்பாடு எனக்கு எப்போதும் பிடிக்கும்.

சுமார் 27,000 குடும்பங்களை வளர்த்ததில், உடலமைப்பில் தெளிவான கோளாறு காட்டிய விகாரிகள் ஏறத்தாழ 580 கிடைத்தன. அவற்றை ஒன்றோடொன்று கலந்து சோதித்தபோது அவை 139 பரம்பரையலகுகளுக்குள் அடங்கின. இரண்டு விகாரிகளைக் கலந்து பிறந்த குஞ்சு பிழைத்தால் சேதம் வெவ்வேறு அலகுகளில், இறந்தால் ஒரே அலகில் என்பதுதான் அந்தக் கணக்கு. புதிய விகாரிகள் மீண்டும் மீண்டும் பழைய அலகுகளுக்குள்ளேயே விழத் தொடங்கும்போது, பெரும்பாலானவை பிடிபட்டுவிட்டன என்று தெரிந்துகொள்ளலாம்.

1980இல் வெளிவந்த அவர்களின் முதற்கட்டுரையில் இருந்தவை 15 அலகுகள். அவற்றை அவர்கள் மூன்றாக வகுத்தார்கள். சிலவற்றில் உடலின் தொடர்ச்சியான ஒரு பகுதி முழுவதுமாகக் காணாமற்போகிறது. சிலவற்றில் ஒன்றுவிட்டு ஒன்றாகத் துண்டங்கள் விடுபடுகின்றன. வேறு சிலவற்றில் துண்டங்களின் எண்ணிக்கை சரி, ஒவ்வொன்றுக்குள்ளும் உள்ள ஒழுங்குதான் கெட்டிருக்கிறது. ஆக, உடல் முதலில் பெரும் பகுதிகளாகவும், பிறகு இரட்டைத் துண்டங்களாகவும், கடைசியில் ஒவ்வொரு துண்டத்தின் உள்ளொழுங்காகவும் பிரிக்கப்படுகிறது. எந்தவொரு தனி விகாரியும் இதைச் சொல்லவில்லை, அடுக்கி வைத்த அடுக்குத்தான் சொன்னது. உங்கள் மாணவிக்கு என் விடை இதுவே. எட்வர்ட் லூயிசோடு சேர்த்து இவர்களுக்கு 1995இல் நோபல் பரிசு கிடைத்தது.

பொகவந்தலாவை_மாணவி

சேர் சொன்ன மாணவி நான்தான். அக்கா, "வெள்ளை" பற்றிய விளக்கம் எனக்குப் புரிந்தது. ஆனால் ஆண் ஈக்கு மருந்து கொடுத்தால் அதன் பிள்ளைகளிலேயே கோளாறு தெரிய வேண்டும் அல்லவா? எதற்காகக் குடும்பம் குடும்பமாகத் தலைமுறைகள் வளர்க்க வேண்டும்?

பேராதனை_பழையமாணவி

தங்கச்சி, பிள்ளைக்குத் தாயிடமிருந்து நல்ல பிரதியொன்று வந்துவிடுகிறதே. பெரும்பாலான விகாரங்கள் பின்னிடைவானவை, நல்ல பிரதி ஒன்று இருந்தால் மறைந்துவிடும். கெட்ட பிரதி இரண்டும் ஓருடலில் சேர வேண்டுமானால், ஒரே தகப்பன் வழி வந்த சகோதரங்களைக் கலக்க வேண்டும். ஒவ்வொரு விந்துக்கும் சேதம் வேறு என்பதால், ஒவ்வொரு மகனுக்கும் தனிக் குப்பி.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, அது இல்லாவிட்டால் ஈயால் இவ்வளவு செய்திருக்க முடியாது. பல இடங்களில் தலைகீழாகத் திருப்பப்பட்ட ஒரு நிறமூர்த்தத்தைச் சோடியில் மறுபக்கத்துக்கு வைப்பார்கள். அது மற்றதோடு துண்டுகளை மாற்றிக்கொள்ள விடாது, தன்னைச் சுமக்கும் ஈயின் சிறகைச் சுருள வைத்து அடையாளம் காட்டும், தானே இரண்டு பிரதியானால் ஈயைக் கொன்றுவிடும். இப்போது குப்பியைப் பார். சுருள்சிறகு ஈக்களோடு நேர்சிறகு ஈக்களும் திரிந்தால், கெட்ட பிரதி இரண்டும் சேர்ந்தும் உயிர் பிழைத்திருக்கிறது என்று அர்த்தம். நேர்சிறகு ஒன்றுகூட இல்லையென்றால் அந்தக் குடும்பத்தில் கொல்லும் விகாரம் உண்டு, அதன் முட்டைகளை எடுத்துப் பார்க்கலாம். ஆயிரக்கணக்கான குப்பிகளை வெறுங்கண்ணால் ஒரு காலையில் தள்ளிவிட முடிவது இதனால்தான்.

கலக்கும்போது கன்னிப் பெண் ஈக்களைத்தான் எடுக்க வேண்டும். பெண் ஈ கூட்டிலிருந்து வெளிவந்து எட்டு மணி நேரம் அளவில் சேர்க்கைக்குத் தயாராகிவிடும், பெற்ற விந்தைச் சேமித்தும் வைத்துக்கொள்ளும். நான் ஒருமுறை காலையில் பிந்திப் போய், வெளிவந்து நேரமாகிவிட்ட பெண் ஈக்களை எடுத்துக் கலந்து, மூன்று கிழமை வேலையை முழுதாகக் குப்பையில் போட்டேன்.

புசல்லாவை_ஓய்வு

நான் தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவன். நீங்கள் எழுதுவது சுவையாகத்தான் இருக்கிறது, ஆனால் பழ ஈ எங்களுக்கு ஒரு தொல்லையே அல்ல. எங்கள் தொல்லை தேயிலைக் கிளையைத் துளைக்கும் கறுப்பு வண்டு. எள்ளிலும் சிறியது. கவ்வாத்து முடிந்து இரண்டாம் மூன்றாம் வருடத்தில், கொழுந்து பறிக்கும் பெண்கள் கூடையோடு செடிகளுக்கிடையே நுழையும்போது கிளை சடக்கென்று முறியும். முறிந்த இடத்தைப் பார்த்தால் பென்சில் கரி நுழையும் அளவில் ஒரு துளை, அதற்குள் வளையம்போல் ஒரு பாதை, பாதைச் சுவரில் மெல்லிய பூஞ்சணம். வண்டு மரத்தைத் தின்பதில்லை. தாய் வண்டு கொண்டுவந்து பயிரிடும் அந்தப் பூஞ்சணத்தைத்தான் குடம்பிகள் தின்கின்றன.

1950களில் இதற்கு டீல்ட்ரின் அடித்தார்கள். என் தகப்பனார் தெளிப்பான் சுமந்தவர். வண்டு குறைந்தது, ஆனால் இலையைப் பின்னிச் சுருட்டும் புழு பொங்கி எழுந்தது. அந்தப் புழுவை அடக்குவதற்காக 1930களில் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து விட்ட மக்ரோசென்ட்ரஸ் எனும் சிறு குளவியை டீல்ட்ரின் கொன்றுவிட்டது என்பது பிறகுதான் தெளிவாயிற்று. இப்படி ஒன்றை எடுத்தால் இன்னொன்று வெடிப்பதைக் கண்ணால் கண்டவர்கள் நாங்கள். ஆகவே கேட்கிறேன்: இந்தக் கெடுத்துப் பார்க்கும் வித்தையை எங்கள் வண்டில் செய்ய முடியுமா, முடியாதா?

பேராதனை_பழையமாணவி

ஐயா, நீங்கள் டீல்ட்ரினைச் சொன்னதால் வண்டுக்கு வரும் முன் அதையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அந்த நஞ்சு எங்கே போய் அடிக்கிறது என்பதைக் காட்டியதே பழ ஈதான்.

டீல்ட்ரினுக்குச் சாகாத பழ ஈக்கள் இயற்கையிலேயே இருந்தன. ரிச்சர்ட் பிரெஞ்ச்-கான்ஸ்டன்ட் முதலானோர் அத்தகைய ஈக்களைப் பிடித்து, சாகாத தன்மை நிறமூர்த்தத்தில் எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதை ஒடுக்கிக்கொண்டே போய், 1990களின் தொடக்கத்தில் அந்த அலகைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு இடப்பட்ட பெயர் "டீல்ட்ரின் எதிர்ப்பு". ஆனால் அந்த அலகின் தொழில் எதிர்ப்பதே அல்ல. நரம்புக் கலத்தில் காபா எனும் பதார்த்தத்தை ஏற்று, குளோரைட்டு அயன்களை உள்ளே விட்டு, நரம்பை அமைதிப்படுத்தும் வாயிற் புரதம் அது. டீல்ட்ரின் அந்த வாயிலை அடைக்கிறது, பூச்சி வலிப்பு வந்து சாகிறது. சாகாத ஈயில் அந்தப் புரதத்தின் 302ஆம் இடத்தில் அலனீனுக்குப் பதிலாகச் செரீன் இருந்தது, அவ்வளவுதான். அதே இடத்தில் அதே வகை மாற்றம் பிறகு வீட்டு ஈயிலும் மா வண்டிலும் வேறு பல பூச்சிகளிலும் காணப்பட்டது. அலகை முழுதாக அழித்தாலோ ஈ பிழைப்பதில்லை.

தங்கச்சி இதைக் கவனிக்க வேண்டும். பெயரை மட்டும் நம்பினால், பூச்சிக்குள் டீல்ட்ரினுக்காகவே ஓர் அலகு காத்திருந்தது என்று நினைத்துவிடுவோம். டீல்ட்ரின் இந்த உலகத்துக்கு வந்ததே 1940களில்தான்.

இனி உங்கள் வண்டு. ஒரு வகையில் அது பழ ஈயை விட வசதியானது. அந்தக் குடும்பத்து வண்டுகளில் கருக்கட்டாத முட்டையிலிருந்து ஆண் பிறக்கிறது, ஆகவே ஆணுக்கு ஒவ்வொரு அலகிலும் ஒரு பிரதிதான் உண்டு. மறைத்துக்கொள்ள இரண்டாவது பிரதி இல்லாததால், தாயின் முட்டையில் விழுந்த பின்னிடைவான சேதம் மகனிடத்தில் நேராகத் தெரிந்துவிடும். மூன்று தலைமுறை காத்திருக்க வேண்டியதில்லை. இதே வசதியை வைத்துத்தான் நசோனியா எனும் ஒட்டுண்ணிக் குளவியில் முளைய விகாரிகளைத் தேடி 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள்.

தொல்லை மறுபக்கத்தில் இருக்கிறது. ஒரு குடும்பத்தில் ஆண்கள் மிகச் சிலவே, அவை பறப்பதுமில்லை, பிறந்த துளைக்குள்ளேயே சகோதரிகளோடு சேர்ந்து முடிகின்றன. எல்லாம் மரத்துக்குள் இருட்டில் நடப்பதால் வண்டைச் செயற்கை உணவில் வளர்த்தாக வேண்டும், கூடவே அதன் பூஞ்சணத்தையும் வளர்க்க வேண்டும். ஒரு குடும்பம் அழிந்தால், அழிந்தது வண்டின் அலகினாலா, பூஞ்சணம் வாடியதாலா என்று பிரிப்பது கடினம். முடியாது என்று சொல்லமாட்டேன். ஆயிரக்கணக்கான குப்பிகளை ஒரு காலையில் தள்ளிவிட முடியாது என்பதைச் சொல்வேன்.

கந்தப்பளை_கோவா

நான் மரக்கறிச் செய்கையாளன், உயிரியல் படித்தவனல்ல. படித்துக்கொண்டு வரும்போது ஒன்று தோன்றிற்று. கோவாவில் (முட்டைக்கோசில்) வரும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழுவுக்கு நாங்கள் ஒரு மருந்தை இரண்டு போகம் விடாமல் அடித்தால், மூன்றாம் போகத்தில் அது பச்சைத் தண்ணீராகிவிடுகிறது. அப்படியானால் நாங்களே வயலில் இந்தச் சோதனையைச் செய்துகொண்டிருக்கிறோம் போலிருக்கிறது.

பேராதனை_பழையமாணவி

ஆம், அண்ணா, சோதனைதான். புதிதாகச் சேதம் செய்யாமல், ஏற்கெனவே இருப்பதைத் தெரிவு செய்வது மட்டும்தான் வேறுபாடு. பீடி எனப்படும் பற்றீரிய மருந்துக்கு வயலில் எதிர்ப்புக் காட்டிய முதற் பூச்சியே உங்கள் வைரமுதுகுதான். ஹவாயில் கண்டு 1990இல் அறிவித்தார்கள். அந்த எதிர்ப்பின் வழியைத் தேடிப்போனதால்தான் புழுவின் குடற்சுவரில் பீடி நஞ்சு பற்றிக்கொள்ளும் புரதங்களில் ஒன்று எதுவென்று பிறகு தெரியவந்தது. நீங்கள் பிழைத்த புழுக்களைச் சபிக்கிறீர்கள், ஆய்வுகூடம் அவற்றைத்தான் பத்திரமாகப் பொறுக்கிக்கொள்கிறது.

பண்டாரவளை_சொல்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இந்த முறைக்குத் தமிழில் "மரபணுத் திரையிடல்" என்று எழுதுகிறார்கள், படிக்கும்போதெல்லாம் எனக்குச் சினிமாக் கொட்டகைதான் நினைவுக்கு வருகிறது. திரை என்பது மறைப்பது. இங்கே நடப்பது மறைத்தலல்ல, பிரித்தெடுத்தல். தொழிற்சாலையில் தூளைச் சலிக்கிறோம், வீட்டில் அரிசியைச் சுளகில் புடைக்கிறோம், மாவை அரிதட்டில் அரிக்கிறோம். "விகாரச் சலிப்பு" என்றால் என்ன குறை?

ஹட்டன்_உயிரியல்

சலிப்பு என்றால் மாணவர்கள் அலுப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். ஆயிரக்கணக்கில் குப்பி பார்ப்பவருக்கு அதுவும் பொருந்தும் என்பது வேறு விடயம். "சல்லடைச் சோதனை" என்று வைத்துக்கொள்ளலாம், அதில் இன்னொரு வசதியும் உண்டு: கண்ணின் அளவு என்ன என்று உடனே கேட்கத் தோன்றும். பழைய மாணவியிடம் அதைத்தான் கேட்க நினைத்தேன். ஹெய்டல்பேர்க்கில் 139 கிடைத்தது என்றால், மற்றவை என்ன ஆயின? ஈயிடம் புரதத்துக்கான அலகுகள் 14,000 அளவில் உண்டென்று படித்திருக்கிறேன்.

பேராதனை_பழையமாணவி

சல்லடையின் கண் எதற்கு ஏற்றதோ அதுதான் நிற்கும், சேர். அவர்கள் தோலின் முள் ஒழுங்கைப் பார்த்தார்கள். நினைவாற்றலுக்குரியது, முதுமைக்குரியது எல்லாம் கண்ணில் விழாமல் போயின. தாய் முட்டைக்குள் முன்கூட்டி வைத்துவிடும் பொருட்களால் நடப்பவையும் அந்தச் சோதனையில் அகப்படவில்லை, அதற்குத் தாய் ஈக்களின் விகாரங்களைத் தனியாகத் தேட வேண்டியிருந்தது. தொழிற்சாலையில் ஒருவர் வராத நாளில் பக்கத்தில் நிற்பவர் அந்த வேலையையும் சேர்த்துச் செய்துவிட்டால் தூளில் குறை தெரியாதல்லவா? ஈயிலும் அப்படி ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் அலகுகள் உண்டு. ஒன்றை மட்டும் கெடுத்தால் வெளியே ஒன்றும் தெரியாது.

ஒரே அலகு இரண்டு சல்லடைகளில் இரண்டு விதமாகத் தெரிந்த கதையும் இருக்கிறது. "டோல்" எனும் அலகு, முளையத்துக்கு முதுகுப்புறம் எது, வயிற்றுப்புறம் எது என்று தீர்மானிக்கும் அலகாகத்தான் 1985 அளவில் விரிவாக விளக்கப்பட்டது. அதைக் கண்டவர்களின் கேள்வி உடலமைப்பு, ஆகவே கிடைத்த விடையும் உடலமைப்பு. 1996இல் பிரான்சில் ஜூல்ஸ் ஹொவ்மனின் குழுவில் புரூனோ லெமைத்ர் முதலானோர், டோல் வழி கெட்ட வளர்ந்த ஈக்களுக்குப் பூஞ்சணத் தொற்று ஏற்றிப் பார்த்தார்கள். சாதாரண ஈ தாங்கிக்கொண்ட தொற்றில் அவை மடிந்தன, உடலெங்கும் பூஞ்சண இழைகள் முளைத்திருந்தன. முட்டையில் திசை காட்டியதே பெரிய ஈயில் காவலும் நிற்கிறது. மனிதரிலும் இதற்கு உறவான புரதங்கள் நோயெதிர்ப்பில் வேலை செய்கின்றன, ஹொவ்மனுக்கு 2011இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்த ஈக்களைச் சுத்தமான குப்பியில் மட்டும் வைத்திருந்தால் இந்தத் தொழில் தெரியாமலே இருந்திருக்கும்.

பொகவந்தலாவை_மாணவி

அப்படியானால் ஒரு பரம்பரையலகின் தொழில் இதுதான் என்று முடிவாகச் சொல்லவே முடியாதா?

பேராதனை_பழையமாணவி

முடிவாக என்றால் நான் தயங்குவேன். ஆனால் சில வேளைகளில் ஈ மிகத் தெளிவாகப் பேசிவிடும். ரொனால்ட் கொனொப்காவும் சீமோர் பென்சரும் 1971இல் வெளியிட்டதைக் கேள். பழ ஈக்கள் கூட்டிலிருந்து பெரும்பாலும் விடியற்காலையை ஒட்டி வெளிவரும். நேரந்தவறி வெளிவரும் ஈக்களை அவர்கள் தேடினார்கள். மூன்று விகாரிகள் கிடைத்தன: ஒன்றுக்கு ஒரு நாள் என்பது சுமார் 19 மணி நேரம், ஒன்றுக்குச் சுமார் 28, மூன்றாவதற்கு நேர ஒழுங்கே இல்லை. மூன்றும் ஒரே அலகில் விழுந்தன. கெட்டதால் கடிகாரம் நின்றது மட்டும் என்றால், உன் ஆட்சேபத்தின்படி, ஏதோவொரு பக்கத்துத் திருகு கழன்றதாகக்கூட இருக்கலாம். ஒரே அலகு ஒருவிதமாக மாறினால் கடிகாரம் வேகமாகவும் இன்னொருவிதமாக மாறினால் மெதுவாகவும் ஓடுகிறது என்றால், அது கடிகாரத்தின் உள்ளேயே இருக்கும் சக்கரம் என்று நம்புவதற்கு நல்ல காரணம் இருக்கிறது. அதைத் தொடர்ந்து போனவர்களுக்குத்தான் 2017இன் நோபல் பரிசு.

பதுளை_வாசகர்

மா வண்டைப் பற்றிச் சொன்னீர்களே, கோதுமை மாவை அரிக்கும்போது அரிதட்டில் மிஞ்சும் செங்கபில வண்டுதானா அது?

பேராதனை_பழையமாணவி

அதேதான். அதில் வேறொரு வழி நன்றாக வேலை செய்கிறது. குறித்த ஓர் அலகின் செய்திக்கு ஒத்த இரட்டை இழை ஆர்.என்.ஏ.யைத் தயாரித்து வண்டுக்குள் ஊசியால் ஏற்றினால், அந்த அலகின் செய்தி அழிக்கப்பட்டு, டி.என்.ஏ.யில் கைவைக்காமலே அலகு அடங்கிவிடுகிறது. தாய்க்கு ஏற்றினால் குஞ்சுகளிலும் விளைவு தெரியும். இப்படி ஜெர்மனிய ஆய்வுகூடங்கள் கூட்டாகச் சேர்ந்து ஆயிரக்கணக்கான அலகுகளை ஒவ்வொன்றாக அடக்கிப் பார்த்திருக்கின்றன. இங்கே ஆளின் பெயரைத் தெரிந்துகொண்டுதான் நிறுத்துகிறோம், ஆகவே எங்கே சேதம் விழுந்தது என்று பிறகு தேடி அலைய வேண்டியதில்லை. அந்துப்பூச்சிகளில் இது அவ்வளவு இலகுவாகப் பலிப்பதில்லை, கந்தப்பளை அண்ணாவுக்கு அது ஏமாற்றமாக இருக்கலாம். புசல்லாவை ஐயாவின் வண்டு எப்படியும் வண்டினம் என்பதால், ஊசி வழி அதற்குப் பொருந்தக்கூடும் என்றே நினைக்கிறேன்.

ஈயின் பட்டியலை அப்படியே எல்லாப் பூச்சிக்கும் ஒட்டிவிடவும் கூடாது. ஈயில் தலை எந்தப் பக்கம் என்பதைத் தீர்மானிக்கும் "பைகொயிட்" அலகு மா வண்டிடம் இல்லவே இல்லை. ஆனாலும் அதற்குத் தலை ஒழுங்காகவே முளைக்கிறது.

ஹட்டன்_உயிரியல்

இழையை அச்செடுத்து வகுப்பில் கொடுத்தேன். மூன்றாம் போத்தலில் சொட்டு வினாகிரி விட்டதில் பூஞ்சணம் அடங்கியிருக்கிறது. நேற்று ஈக்களைக் குளிரூட்டி மயங்க வைத்து எண்ணும்போது, நூற்றுச் சொச்சத்தில் ஒரு பெண் ஈக்குச் சிறகு கசங்கி மேல்நோக்கி மடிந்திருந்தது. வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. பாதிப் பேர் விகாரி என்கிறார்கள். எங்கள் மாணவியோ, அது வெளிவந்தபோது போத்தல் சுவரின் ஈரத்தில் சிறகு ஒட்டியிருக்கும் என்கிறார். எப்படித் தீர்ப்பது?

பேராதனை_பழையமாணவி

அந்த ஈயைக் கேட்டால் தெரியாது, பேரப்பிள்ளைகளைக் கேட்க வேண்டும். அதைச் சாதாரண ஆண் ஈயோடு வேறொரு போத்தலில் விடுங்கள். ஏற்கெனவே சேர்க்கை நடந்திருந்தாலும் பெரிய நட்டமில்லை. பிறக்கும் பிள்ளைகள் எல்லாம் நேர்சிறகாக இருந்தாலும் கைவிடாமல், அவற்றை ஒன்றோடொன்று கலக்க விடுங்கள். பின்னிடைவான விகாரம் என்றால் பேரப்பிள்ளைகளில் நாலில் ஒன்றுக்கு நெருக்கமாகச் சிறகு மடியும். போத்தல் முதலிலேயே கலப்பற்றதாக இல்லாவிட்டால் கணக்குச் சற்று முன்பின்னாகும். ஈரம் என்றால் ஒன்றும் வராது.

ஹட்டன்_உயிரியல்

எங்கள் குளிரில் இரண்டு தலைமுறை என்றால் நாற்பது நாள். அதற்குள் தவணை முடிந்து பாடசாலை மூடிவிடும்.

பொகவந்தலாவை_மாணவி

போத்தலை நான் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன், சேர். எங்கள் லயத்தில் அடுப்படி இரவிலும் சூடாக இருக்கும், சீக்கிரம் வளர்ந்துவிடும்.

பேராதனை_பழையமாணவி

அடுப்புக்கு மிக அருகில் வைக்காதே, தங்கச்சி. 30 பாகைக்கு மேல் போனால் ஆண் ஈக்கள் மலடாகிவிடும், பிறகு பேரப்பிள்ளைகளே இருக்காது. எதிர்ச்சுவரில் தட்டு இருந்தால் அதில் வை, பக்கத்தில் ஒரு வெப்பமானி. போத்தலின் வாயைப் பஞ்சால் அடைத்து, தாய் ஈயைப் போட்ட தேதியை மறக்காமல் ஒட்டு.

பொகவந்தலாவை_மாணவி

ஒட்டிவிட்டேன், அக்கா. ஈரம் என்று சொன்னவள் நான் என்பதால், எண்ணும்போது எதிர்க்கட்சியில் ஒருத்தியையும் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேரும் சேர்ந்தே எண்ணுவோம்.